கொள்ளிவாய்ப் பிசாசுக்கு ஒரு பாட்டில்

எங்கள் பகுதியில் மீத்தேன் என்ற சொல்லைக் கேட்டிராத பிள்ளை கிடையாது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்த நாள் முதல் சுவரெழுத்திலும் பதாகையிலும் அந்தச் சொல்தான். அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் இறுதியில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானார். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. நம்மாழ்வார் ஐயா மறைந்த காலத்தில் பிறந்தும் தவழ்ந்தும் கொண்டிருந்தவர்கள்தான் இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் மீத்தேன் என்ன நிறம், அதற்கு மணம் உண்டா, அதை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் வகுப்பு கப்சிப். "பூமிக்கு அடியில் இருக்கும் விஷம் டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதே பிள்ளைகளிடம் கொள்ளிவாய்ப் பிசாசு என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். நீலம் என்று ஒருவன், மஞ்சள் என்று இன்னொருவன், அடியில் நீலம் மேலே மஞ்சள் என்று சமரசம் செய்யும் ஒருத்தி. தரையில் கால் பாவாது. முழங்கால் உயரத்தில் மிதந்து வரும். நாம் கிட்டே போனால் விலகிப் போகும், திரும்பி ஓடினால் பின்னாலேயே வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சுடுகாட்டுக் குட்டையிலும் நாற்றங்கால் பக்கமும் நடமாடும். ஒரு வாயுவைப் பற்றி இதைவிடக் கச்சிதமான களக்குறிப்பை எந்த ஆய்வு மாணவனிடமிருந்தும் நான் கேட்டதில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று சொன்ன அன்று, கடைசி பெஞ்சு முன் பெஞ்சுக்கு வந்துவிட்டது.

நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து மன்னார்குடி நோக்கி வரும் பாமணியாற்றின் கரையில் எங்கள் ஊர். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பள்ளி விட்டபின் ஊர்ப்புற நூலகத்துத் திண்ணையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு வகுப்பு எடுக்கிறேன். 'பேய் வகுப்பு' என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். தலைமை ஆசிரியர் காதில் விழுந்தபோது, "பதிவேட்டில் அறிவியல் மன்றம் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதிக்கொண்டேன்.

இந்த வகுப்பில் பேய் இல்லை என்று நான் ஒருநாளும் தொடங்குவதில்லை. இல்லை என்று சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் புளியமரத்தடியை ஒரே ஓட்டமாகக் கடக்கிறார்கள். அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே இருக்கிறது? எந்த மாதத்தில்? மழையிலா, பனியிலா? யார் பார்த்தது? எவ்வளவு தூரத்திலிருந்து? சத்தம் உண்டா, வாடை உண்டா? இந்தக் கேள்விகளை மேலே எழுதி, கட்டம் போட்ட ஒரு நோட்டு வைத்தோம். தாத்தா, அப்பாயி, டீக்கடை, நூறு நாள் வேலைத் தளம் என்று பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொரு சாட்சியிடமும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீங்களே கண்ணால் பார்த்தீர்களா, யாராவது சொல்லிக் கேட்டீர்களா?

நோட்டு நிறைந்தபின் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், பேயைப் பார்த்தவர் யாருமே இல்லை. பேயைப் பார்த்தவரைப் பார்த்தவர்கள்தான் இருக்கிறார்கள்." சாட்சியம் என்பதைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதக்கூடிய எதுவும் அந்த வாக்கியத்துக்கு ஈடாகாது. இதில் விலக்கு கொள்ளிவாய்ப் பிசாசு ஒன்றுதான். நேரில் பார்த்ததாகச் சொன்ன முதியவர்கள் அதற்கு மட்டும் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒரு தாத்தா பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே, "பாதிப் பிசாசு நாங்கள்தான். லாந்தரை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு வரப்பில் நண்டு பிடிக்கப் போவோம். எதிரே ஆள் வந்தால் திரியை இறக்கிவிடுவோம்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். மீதிப் பாதியைத்தான் நாங்கள் தேட வேண்டியிருந்தது.

தேடுவதற்கு வேண்டியவை அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், ஒரு புனல், ஒரு மூங்கில் கழி, கோடையில் நீர் வற்றிச் சேறு தடித்துப் போன ஒரு குட்டை. பாட்டிலைக் குட்டை நீரால் நிரப்பி, புனலை வாயில் பொருத்தி, நீருக்குள்ளேயே தலைகீழாகப் பிடிக்க வேண்டும். புனலுக்கு நேர் கீழே உள்ள சேற்றைக் கழியால் கிளறினால் குமிழிகள் மேலேறி பாட்டிலுக்குள் சேரும். நீர் இறங்க இறங்க வாயு ஏறும். முக்கால் பாட்டில் சேர்ந்ததும் நீருக்குள் வைத்தே மூடியைத் திருகிவிடலாம். பிள்ளைகளைக் குட்டைக்குள் இறக்குவதில்லை என்பது எங்கள் விதி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். கரையில் நின்றவர்கள், "அந்தப் பக்கம் கிளறுங்கள் டீச்சர், அங்கேதான் ஆகாயத்தாமரை அழுகிக் கிடக்கிறது" என்று கட்டளையிட்டார்கள். அவர்கள் காட்டிய இடத்தில்தான் குமிழி அதிகம் வந்தது. எங்கே இலைதழை மட்குகிறதோ அங்கே வாயு என்ற முடிவுக்கு நான் வாய் திறக்கும் முன்பே வந்துவிட்டார்கள்.

இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கழியால் கிளறிச் செய்ததும் ஏறக்குறைய இதேதான். மின்கலத்தைக் கண்டுபிடித்தவர், வோல்ட் என்ற அலகுக்குப் பெயர் கொடுத்தவர், ஒரு காலத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றார் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

கொளுத்துவதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஈரமணல் நிரப்பிய வாளியில் பாட்டிலைக் கழுத்தளவு புதைத்து, நிழலான இடத்தில் வைத்து, மூடியைத் திறந்ததும் நீண்ட குச்சியின் நுனியில் நெருப்பை நீட்டுவேன். பிள்ளைகள் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். குச்சி என் கையை விட்டுப் போகாது. கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. வெயிலில் செய்தால் சுடர் கண்ணுக்கே தெரியாது. நிழலில் பாட்டிலின் வாயில் வெளிறிய நீலம் ஒன்று மெல்ல நெளிந்து, உள்ளே இறங்கி, அணைந்துபோனது. நான்கைந்து நொடிதான். யாரும் கைதட்டவில்லை. "இன்னொரு பாட்டில் டீச்சர்" என்றார்கள்.

இங்கேதான் பல பேர் பாடத்தை முடித்துவிடுகிறார்கள்: பிள்ளைகளே, கொள்ளிவாய்ப் பிசாசு என்பது வெறும் மீத்தேன், போய் வாருங்கள் என்று. எனக்கு அந்த 'வெறும்' பிடிக்காது. பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை. குட்டையில் தீக்குச்சி கிழித்தது யார் என்று ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும். கார்த்திகை மழையில் அந்தச் சூடு ஏது? மட்கும் பொருள்களிலிருந்து பாஸ்பீன், டைபாஸ்பேன் என்ற வாயுக்கள் சிறிதளவு வெளிவந்து, காற்றுப் பட்டதும் தாமே பற்றி மீத்தேனையும் பற்றவைக்கின்றன என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். ஆனால் பாஸ்பீன் எரிந்தால் வெண்புகை கிளம்ப வேண்டும். பார்த்தவர்கள் புகையைச் சொல்வதில்லை. 2025இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜேர் குழுவினர், நீரில் எழும் நுண்ணிய மீத்தேன் குமிழிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத குட்டி மின்னல்கள் தெறிப்பதை ஆய்வகத்தில் காட்டினார்கள். பற்றவைத்தது அதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! தீராத வழக்கில் தங்களுக்கும் ஒரு வாய்தா கிடைத்ததுபோல.

கிட்டே போனால் விலகுவது ஏன் என்பதற்கு அவர்களே விடை சொன்னார்கள். நாம் நடந்தால் காற்று நம் முன்னே தள்ளப்படுகிறது, ஓடினால் பின்னே இழுக்கப்படுகிறது. அகல்விளக்கின் பக்கத்தில் வேகமாக நடந்து பார்த்துச் சோதித்தும் விட்டார்கள். இந்தப் பேச்சு வயலுக்குப் போய், நீர் கட்டிய நெல்வயலும் மீத்தேன் விடுகிறது என்ற செய்தியில் முடிந்தது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பங்கு நெற்பயிரின் உள்ளீடற்ற தண்டு வழியாகத்தான் மேலே வருகிறது. "எங்கள் அப்பா காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறாரே, அப்போது?" என்றான் ஒருவன். வயல் காயும்போது சேற்றுக்குள் காற்றுப் போகிறது, அந்த நுண்ணுயிர்களுக்கு ஆகாது, மீத்தேன் குறைகிறது. அப்பா செய்வதும் அறிவியல்தான் என்று அன்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். மறுநாள் அப்பா நூலகத்துக்கே வந்துவிட்டார்.

அடுத்தது புளியமரத்துப் பேய். இதை எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. இதற்கு 'அறிவியல் விளக்கம்' என்று ஒன்று எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது: மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அடியில் படுத்தவனுக்கு மூச்சு முட்டுகிறது, அதைத்தான் பேய் அமுக்கியது என்கிறார்கள். பட்டிமன்றத்தில் கேட்டது, வாட்ஸ்அப்பில் வந்தது, ஏன், ஆசிரியர்களே சொல்வது. பேயை நம்புகிறவர்களைக் கேள்வி கேட்கும் நாம் இந்த விளக்கத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்கினால், பேய்க்குப் பதில் இன்னொரு பேயை உட்கார வைக்கிறோம் என்று பொருள்.

சோதித்துப் பார்க்க அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியே போதும். சுண்ணாம்பை நிறைய நீரில் கரைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடித்தால் தெளிந்த சுண்ணாம்பு நீர். கரியமில வாயு பட்டால் அது பால்போல் கலங்கும். கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும் என்பதால் ஊற்றுவது பெரியவர் வேலை. ஒரே அளவு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றைப் புளியமரத்தடியிலும் இன்னொன்றை நூலகத்து முற்றத்திலும் இரவு முழுக்க வைத்தோம். காலையில் இரண்டின் மேலும் ஒரே மாதிரி மெல்லிய ஏடு. கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எதுவும் இல்லை. மூன்றாவது கிண்ணத்தில் ஒரு பையன் உறிஞ்சுகுழலால் ஊதினான், உறிஞ்சிவிடாதே என்று நான் பக்கத்திலேயே நிற்க. சில நொடிகளில் வெள்ளை வெளேரென்று ஆனது. மனிதர் ஒருவர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. திறந்த வெளியில் மரம் விடுவது காற்றோடு போய்விடுகிறது. மூச்சு முட்டும் என்றால், சன்னல் சாத்திய அறையில் பக்கத்தில் குறட்டை விடும் சித்தப்பாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சின்ன வித்தியாசத்தை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் நோட்டில் எழுத வைத்தேன். ஆனால் ஆளை அமுக்கும் அளவு வாயு இருந்திருந்தால் கிண்ணம் சும்மா இருந்திருக்காது.

அப்படியானால் அமுக்கியது எது? அது மரத்தில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. கனவு வரும் உறக்க நிலையில், நாம் கனவில் ஓடினால் நிஜத்திலும் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. சில சமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், கை அசையாது, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். மல்லாந்து படுத்தாலும் தூக்கம் கெட்டுப் போயிருந்தாலும் இது அதிகம் வரும். இதை நான் பொதுவாகச் சொல்லி முடித்த அன்று, எல்லோரும் போனபின் ஒரு பெண் மட்டும் பையை மாட்டிக்கொண்டும் போகாமல் நின்றாள். அவளுக்குத் தாயத்துக் கட்டியிருந்தார்கள். தாயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும் வந்திருக்கிறது, பலருக்கும் வருகிறது, அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் கேட்கலாம்" என்றேன். அமுக்குவான் பேயை வகுப்பில் எடுப்பவர்கள் முடிந்ததும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள். யாராவது ஒரு பிள்ளை வரும்.

பாழடைந்த ரைஸ்மில்லில் இரவில் ஒரு பெண் அலறுகிறாள் என்பது எங்கள் நோட்டில் அதிகம் பேர் சாட்சி சொன்ன வழக்கு. அலறலை நானே கேட்டிருக்கிறேன். முதுகுத் தண்டு சில்லிட்டது உண்மை. பகலில் மில்லின் உரிமையாளரிடம் சாவி வாங்கிப் போய்ப் பார்த்தால், உத்தரத்துக்கு நேர் கீழே தரையில் வெள்ளை எச்சமும், கட்டைவிரல் பருமனில் கருத்த உருண்டைகளும். மேலே வெள்ளை முகத்தோடு ஒரு ஜோடி கூகை. ஊரில் சாக்குருவி என்பார்கள். அது அலறினால் சாவு விழும் என்பது நம்பிக்கை. எலியை முழுசாக விழுங்கிவிட்டுச் செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டிக் கக்கிவிடும் பறவை அது. உருண்டைகளைக் கையுறையோடு பொறுக்கி, நல்ல வெயிலில் காயவைத்து, டெட்டால் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, செய்தித்தாளில் பரப்பி, ஊக்கால் பிரித்தோம். நனைந்த மயிர்க் கற்றைக்குள்ளிருந்து முதலில் ஒரு தாடை எலும்பு வந்தது. முன்பற்கள் ஆரஞ்சு நிறம். பல் விளக்காத எலி என்று சிரித்தார்கள். இரும்புச் சத்து படிந்து கெட்டியான பல் எனாமலின் நிறம் அது. ஒரே உருண்டையில் மூன்று மண்டையோடுகள். எலும்புகளை அட்டையில் ஒட்டி முழு எலியாக அடுக்க இரண்டு பெண்கள் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வயலெலியால் படும் பாடு டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறிகளை வரப்பு நெடுக வைத்தும் கதிர் முற்றும்போது மடையெல்லாம் வளை. அந்த அட்டையைப் பார்த்த அப்பாக்கள் சிலர், ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலில் 'டி' வடிவத்தில் கழி நட்டார்கள். வேளாண் அலுவலர்கள் பல காலமாகச் சொல்லிவருவதுதான். பேய் சொன்னபின் கேட்டார்கள்.

யாளியைத் தாராசுரத்தில் பார்க்கலாம். ஐராவதேசுவரர் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற யாரும் ஒரே தலை காளைக்கும் யானைக்கும் பொருந்துகிற சிற்பத்தைக் காட்டாமல் திரும்ப மாட்டார்கள். யானையை மறைத்தால் காளை, காளையை மறைத்தால் யானை. நான் அதோடு ஒரு கேள்வியும் கொடுத்து அனுப்புவேன்: தூணில் உட்கார்ந்திருக்கும் யாளி என்ன தின்னும்? கோரைப்பல் இருந்தால் இறைச்சி. அப்படியானால் யானைக்கு இலையொடிக்க உதவும் துதிக்கை இதற்கு எதற்கு? நகமா, குளம்பா? கண்கள் முன்னால் இருக்கின்றனவா, பக்கவாட்டிலா? பிரான்ஸ் நாட்டு உடற்கூறியல் அறிஞர் குவியே பற்றி ஒரு கதை உண்டு. மாணவன் ஒருவன் கொம்பும் குளம்புமாகச் சாத்தான் வேடம் போட்டு நள்ளிரவில் அவரை எழுப்பி, உன்னைத் தின்னப் போகிறேன் என்றானாம். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொம்பு, குளம்பு, நீ தாவரம் தின்னி என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். நடந்ததோ இல்லையோ, உடற்கூறு பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியாது.

ராட்சதர்கள் ஏன் இருக்க முடியாது என்பதற்குத் தீப்பெட்டி போதும். ஒரு பெட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்க எட்டுப் பெட்டிகள் வேண்டும். எடை எட்டு மடங்கு, ஆனால் தாங்கும் காலின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான். எலும்பு பெரிதாக ஆக ஏன் தடித்துக்கொண்டே போக வேண்டும் என்று கலிலியோ 1638இலேயே படம் போட்டுக் காட்டிவிட்டார். கும்பகர்ணனுக்குக் கால் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டது எட்டாம் வகுப்பு. யானைக்கால் போதாது என்று விடை வந்தது.

அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால், பாலத்தில் நின்று முதலை தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எவரும் நகர்வார்கள், அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம். டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் கல்லாய்ப்போன, சுருள் சுருளான ஓடுகளைப் பார்க்கலாம். ஆனால் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது அங்கே இல்லாத ஒன்று. அந்த மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை அறிவித்தார்கள். கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். உலகில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. அது எலும்பே இல்லை, கல்லாய்ப்போன மரம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளியானபின் எலும்புதான் என்ற பக்கம் வலுத்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது நோட்டுக்காரப் பையன் கேட்டான்: "அப்படியானால் இதுவும் பார்த்தவரைப் பார்த்த கதைதானா டீச்சர்?" இல்லை, புகைப்படமும் அளவும் வரைபடமும் இருக்கின்றன என்றாள் பக்கத்தில் இருந்தவள். நீடாமங்கலம் வரும்வரை சண்டை ஓயவில்லை. நான் தலையிடவில்லை.

செய்யக்கூடாதவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். குலதெய்வங்கள் இந்த நோட்டுக்குள் வருவதில்லை. முனீசுவரரும் காத்தவராயனும் பேய் அல்லர். ஒரு வீட்டார் கும்பிடும் இடத்தில் கிண்ணம் வைத்துச் சோதிப்பது அறிவியல் அல்ல, அடாவடி. ராகு, கேதுவையும் திருநாகேசுவரம் கோயிலோடு மோதவிடாமல் வானத்தில் வைத்தே பேசலாம். சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும், அதனால்தான் அமாவாசைதோறும் கிரகணம் இல்லை என்பதை இரண்டு வளையல்களை வைத்துக் காட்டிவிட முடியும். சின்ன வகுப்புப் பிள்ளைகளை இந்த வகுப்பில் சேர்ப்பதில்லை. அவர்களுக்குக் கேள்வி மறந்துபோகும், பேய் மட்டும் இரவில் நினைவில் நிற்கும்.

இன்னொன்று எனக்குப் பிள்ளைகள் காட்டியது. ஊரின் வரைபடம் போட்டு, பேய் இருக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னேன். புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்தன. சுடுகாட்டுப் பாதை, அதற்கு அப்பால் உள்ள தெரு, வாய்க்கால் பாலம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அது நான் தினமும் வீட்டுக்குப் போகும் வழி" என்றாள். திண்ணையில் சத்தமே இல்லை. ஊரார் போகாத இடத்திலெல்லாம் பேய் இருந்தது, அவள் தெருக்காரர்கள் அங்கே காலகாலமாக நடந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு அவளையே தலைமைச் சாட்சியாகப் போட்டோம். அவள் எழுதிவந்த பட்டியலில் பேய் ஒன்றும் இல்லை. எரியாத தெருவிளக்குகள் இருந்தன. அதை மனுவாக எழுதி ஊராட்சியில் கொடுத்தார்கள்.

கடைசியாக, மதகுப் பேய். வாய்க்கால் மதகருகே குளிக்கும் பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுக்கும் இந்தப் பேயைப் பற்றி மட்டும் நான் மற்றவற்றைப்போல் நிதானமாக விசாரணை நடத்துவதில்லை. மற்ற பேய்களின் மேல் உள்ள பயம் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. இதன் மேல் உள்ள பயம் மட்டும் போய், அந்த இடத்தில் வேறெதுவும் வராவிட்டால், பிள்ளை மதகடியில் குதித்துவிடும். எனவே பேயை எடுக்கும் முன்பே உண்மையை வைத்துவிட வேண்டும். வாளியின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, நீர் நிரப்பி, தண்ணீர் வெளியேறும்போது ஒரு வெற்றிலையை உள்ளே விட்டால், அது சுழன்று வந்து துளையில் அப்பிக்கொள்ளும். விரலால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன இலைக்கே எதிர்ப்பு தெரியும். இப்போது கணக்கு. மதகின் திறப்பு ஒரு அடிச் சதுரம், அதாவது 30 சென்டிமீட்டருக்கு 30. மேலே 2 மீட்டர் தண்ணீர். அதை ஒரு பிள்ளையின் உடல் அடைத்துக்கொண்டால் அழுத்தும் விசை சுமார் 180 கிலோ எடைக்குச் சமம். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. அந்தக் கணக்கைப் பலகையில் போட்டு முடித்ததும், "பேயே பரவாயில்லை டீச்சர்" என்றான் ஒருவன்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கிறது. தண்ணீர் கல்லணையைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வரச் சில நாள்கள் ஆகும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வாளியையும் வெற்றிலையையும் எடுத்துவிடுகிறேன். கொள்ளிவாய்ப் பிசாசு அடுத்த கோடை வரை காத்திருக்கலாம்.